புதுவை வானில் கண்ட இரட்டை விண்மீன்

வானத்து மீன்களைத் தம் வாழ்வோடு பிணைத்துக்கொண்டவர் தமிழர். வெள்ளியின் நிலை கண்டு மழையை எண்ணினர். கடலோடிகள் இரவில் மீன் கண்டு திசை தெளிந்தனர். மங்கல வினைகளுக்கு நாள்மீன் நோக்கினர். இவற்றுள் தனிச்சிறப்புப் பெற்றது வடமீன். சங்கப் புலவர் அதனைக் கற்பிற்கு உவமையாக்கினர். இளங்கோவடிகளும் கண்ணகியின் திருமணத்தைப் பாடுமிடத்தில் ‘சாலி’ என்னும் பெயரால் அதனை நினைவுகூர்ந்தார். அம்மி மிதித்து அருந்ததி பார்க்கும் வழக்கம் தமிழகத்தில் மட்டுமன்றித் தலைநகராம் தில்லியில் நாம் நடத்தும் திருமணங்களிலும் இன்றளவும் தவறாது இடம்பெறுகிறது. பகற்பொழுது மணங்களில் மணமக்களின் கண்ணுக்குப் பந்தலின் கூரையே தென்படும் என்பது வேறு செய்தி.

எழுமுனிவர் மண்டலத்தின் வாற்பகுதியில் மூன்று மீன்கள் உள்ளன. நடுவில் உள்ளது வசிட்டன். அதனை ஒட்டி மங்கலாக ஒளிரும் சிறுமீனே அருந்ததி. மேலைநாட்டார் முன்னதை மைசார் என்றும் பின்னதை அல்கோர் என்றும் வழங்குவர். கூரிய பார்வையுடையார் எவ்விதக் கருவியுமின்றி இரண்டையும் பிரித்துக் காண இயலும்.

இதனை வைத்து நம் மேடைகளில் ஒரு கூற்று அடிக்கடி ஒலிக்கக் கேட்கிறோம். “வசிட்டனும் அருந்ததியும் ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன்கள், இதனை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர், ஆகவேதான் மணமக்களுக்கு அவற்றைக் காட்டினர்” என்பதே அக்கூற்று. கேட்பதற்கு இனிமையானது, கைதட்டலும் பெறுவது. ஆயினும் இது வரலாற்றுக்குப் பொருந்துமா என்பதை நாம் சற்று அமைதியாக எண்ணிப் பார்க்க வேண்டும். வசிட்டனும் அருந்ததியும் ஒன்றையொன்று சுற்றுவனவாயின், ஒரு சுற்று முடியப் பல நூறாயிரம் ஆண்டுகளேனும் ஆகும் என்பது இன்றைய கணக்கு. ஒரு மனிதனின் வாழ்நாளில் அன்று, ஒரு மொழியின் வாழ்நாளிலும் வெறுங்கண்ணுக்கு அவ்வசைவு புலப்படாது. நம் முன்னோர் இருமீன்களைக் கண்டனர். அழகிய பொருள் தந்தனர். அப்பெருமை அவர்களுக்குப் போதும். அவர்கள் கூறாத ஒன்றைக் கூறியதாக ஏற்றிச் சொல்வது அவர்களுக்கு நாம் செய்யும் சிறப்பு ஆகாது.

காண்பது வேறு, அறிவது வேறு. இவ்விரண்டிற்கும் இடையே பாலமாக நிற்பது பதிவு. நாளெல்லாம் கோப்புகளோடும் பதிவேடுகளோடும் காலம் கழிக்கும் அலுவலக மக்களாகிய நமக்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும். இரட்டை விண்மீன்களின் வரலாறு இதற்கு ஒரு நல்ல சான்று. அவ்வரலாற்றில் நம் புதுவைக்கும் சென்னைக்கும் உண்மையாகவே ஓர் இடம் உண்டு. மேடைப் பெருமையைவிட மதிப்பு வாய்ந்த அப்பெருமையை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொலைநோக்கி காட்டிய முதல் இணை

வசிட்டன் என்னும் அந்த ஒற்றை மீனே தொலைநோக்கியில் இரண்டாகப் பிரிந்து தோன்றும். இதனை முதலில் கண்டவர் இத்தாலிய நாட்டுப் பெனெடெட்டோ காஸ்டெல்லி. கலிலியோவின் மாணாக்கரும் நண்பருமாகிய அவர், 1617-ஆம் ஆண்டில் தம் ஆசானை அம்மீனை நோக்குமாறு வேண்டினார். கலிலியோ நோக்கினார், இரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவை 15 விகலை என அளந்தும் வைத்தார். ஒரு பாகையை 3,600 கூறாக்கினால் ஒரு கூறு ஒரு விகலையாகும். இன்றைய அளவு ஏறத்தாழ பதினான்கரை விகலை. அக்காலத்துச் சிறு கருவி கொண்டு செய்த அளவு இத்துணை நெருங்கி நிற்பது வியப்பிற்குரியது.

ஆயினும் அவர்கள் அதனை நூலாக வெளியிடவில்லை. குறிப்பேடுகளிலும் மடல்களிலும் செய்தி உறங்கிக் கிடந்தது. ஒரு தலைமுறை கழிந்து, 1651-இல் ரிச்சியோலி என்னும் பாதிரியார் தம் பெருநூலில் வசிட்டனின் இரட்டைத் தன்மையைக் குறிப்பிட்டார். கண்டுபிடித்த பெருமை நெடுங்காலம் அவருக்கே உரியதாயிற்று. எழுதி வெளியிடாத உண்மை, எழுதி வெளியிட்டவர்க்குச் சொந்தமாகிவிடும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

புதுவையில் ஒரு விடியற்பொழுது

காட்சி இனி நம் கடற்கரைக்கு மாறுகிறது. அதற்கு முன்னர் சயாம் நாட்டின் அரசியலைச் சிறிது அறிதல் வேண்டும். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி, சயாம் மன்னர் நாராய் என்பாரின் அரசவைக்குக் கணிதமும் வானியலும் வல்ல இயேசு சபைப் பாதிரியார்களை அனுப்பினார். அவர்களில் முதற்குழுவினர் 1685-இல் நன்னம்பிக்கை முனையில் தங்கினர். அப்போது ஃபோந்தனே என்னும் பாதிரியார் தென்சிலுவை மண்டலத்தின் அடியிலுள்ள ஒளிமிக்க மீனைத் தொலைநோக்கியால் நோக்கி, அஃது இரட்டை எனக் கண்டார். 1687-இல் சென்ற இரண்டாம் குழுவில் இருந்தவர் ழான் ரிஷோ பாதிரியார்.

1688-இல் சயாமில் புரட்சி மூண்டது. மன்னர் நாராய் மறைந்தார். பிரெஞ்சுக்காரர் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. ரிஷோ பாதிரியார் புகலிடமாக வந்து சேர்ந்த ஊர் புதுச்சேரி. பிரான்சுவா மர்த்தேன் 1674-இல் நிலைநிறுத்திய அக்குடியிருப்பு, அந்நாளில் பதினைந்தே ஆண்டு வயதுடையது. வானாய்வுக் கூடமோ, அரசவையின் ஆதரவோ அங்கில்லை. பாதிரியாரிடம் இருந்தது பன்னிரண்டு அடி நீளமுள்ள ஒரு தொலைநோக்கியும், கண்டதை எழுதி வைக்கும் பழக்கமும் மட்டுமே.

1689 திசம்பரில் வானில் ஒரு வால்மீன் தோன்றியது. அதனைப் பின்தொடர்ந்த ரிஷோ, செண்டாரஸ் என்னும் மண்டலத்தின் பக்கம் தொலைநோக்கியைத் திருப்பினார். குதிரையின் உடலும் மனிதத் தலையும் உடையதாகக் கிரேக்கர் கற்பனை செய்த உருவம் அது. அவ்வுருவின் காலடியில் ஒளிரும் பெருமீன், நாம் இன்று ஆல்பா செண்டாரி என வழங்குவது. திசம்பரில் அஃது எழுவது ஞாயிறு எழுவதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்னரே. எனவே அவருடைய நோக்கு, தென்கிழக்கே கடலின் மேல் தாழ்ந்து நின்ற ஒரு மீனை விடியற்பொழுதில் நோக்கிய நோக்காகத்தான் இருந்திருக்க இயலும். தாழ்ந்து நிற்கும் மீன் கடற்காற்றில் நடுங்கும், ஒளி சிதறும். அந்நிலையிலும் அது தனிமீன் அன்று, இரண்டு மீன்கள் என்பதை அவர் பிரித்துக் கண்டார். தென்சிலுவையின் அடியிலுள்ள இணையைப் போன்றே இதுவும் அழகியது. ஆனால் அவ்விணையில் இரண்டும் நன்கு விலகித் தோன்ற, இதிலோ இரண்டும் ஒட்டினாற்போல் தோன்றுகின்றன என்று ஒப்பிட்டும் எழுதினார். அக்குறிப்பு பாரிசிலிருந்த அரச அறிவியல் கழகத்தின் ஏடுகளில் இடம்பெற்றது.

இந்திய மண்ணில் தொலைநோக்கியால் வானை நோக்கியவர் ரிஷோவுக்கு முன்பும் இருந்தனர். ஜெரமையா ஷேக்கர்லி என்னும் ஆங்கிலேயர் 1651-இல் சூரத்து நகரில் புதன்கோள் ஞாயிற்றின் முகத்தைக் கடப்பதைக் கண்டார். அது முன்னரே கணித்துக் காத்திருந்து கண்ட காட்சி. எவரும் அறியாத ஒன்றைத் தொலைநோக்கியால் புதிதாகக் கண்டறிந்தது என்று பார்த்தால், இந்தியாவில் முதலிடம் புதுவையின் இந்தக் கண்டுபிடிப்பிற்கே உரியது என்பர் வானியல் வரலாற்றறிஞர்.

ரிஷோ தமிழர் அல்லர், அக்கருவியும் நம்முடையதன்று. எனினும் அம்மீனைக் காட்டியது நம் வானம். பாரிசு நகரிலோ இலண்டனிலோ அம்மீன் எழுவதே இல்லை. புதுவையில் உச்சம் தொடும்போதும் அடிவானத்திலிருந்து பதினேழு, பதினெட்டுப் பாகையே உயர்கிறது. தில்லியில் வாழும் நமக்கு அஃது ஒரு பாகை அளவும் உயர்வதில்லை. புழுதியிலும் புகையிலும் மறைந்து போகிறது. வடமீனைத் தில்லியில் நன்கு காணலாம். இத்தென்மீனைக் காண வேண்டுமாயின் வைகாசி, ஆனி மாதங்களில் ஊருக்குச் செல்லும்போது, முன்னிரவில் கடற்கரையில் நின்று தெற்கே நோக்க வேண்டும்.

இணையா, தற்செயலா?

இரண்டு மீன்கள் அருகருகே தோன்றுவதனால் மட்டும் அவை உறவுடையன ஆகா. ஒன்று அண்மையிலும் மற்றொன்று மிகச் சேய்மையிலும் இருந்து, நம் பார்வைக் கோட்டில் தற்செயலாக ஒன்றியும் தோன்றலாம். சாலையின் அருகிலுள்ள விளக்கும் தொலைவிலுள்ள விளக்கும் ஒட்டித் தெரிவது போன்றதே அது. ரிஷோவின் காலத்தில் பலரும் இவ்வாறே எண்ணினர்.

1767-இல் ஜான் மிச்செல் என்னும் ஆங்கிலப் பாதிரியார் ஒரு புதிய வாதத்தை முன்வைத்தார். விண்மீன்கள் வானில் எழுந்தவாறு சிதறிக் கிடப்பனவாயின், இத்தனை இணைகள் தற்செயலாக அமைதல் அரிதினும் அரிது; எனவே அவற்றுள் பெரும்பாலானவை உண்மையிலேயே ஒன்றோடொன்று பிணைப்புண்டவை என்பது அவர் துணிபு. கருத்து சரியானதே, ஆனால் சான்று வேண்டுமே!

அச்சான்றை வழங்கியவர் வில்லியம் ஹெர்ஷல். செருமனியில் பிறந்து இங்கிலாந்தில் இசைத்தொழில் புரிந்த அவர், தம் கையாலேயே ஆடிகளைத் தேய்த்துத் தொலைநோக்கிகளை அமைத்தார். இரட்டை மீன்களைத் தேடி வானத்தைப் பகுதி பகுதியாக நோக்கி வந்தபோதுதான் 1781 மார்ச்சு 13-ஆம் நாள் யுரேனசு கோள் அவர் கண்ணிற்பட்டது. உலகப்புகழ் வந்த பின்னரும் அவர் இரட்டை மீன்களை விடவில்லை. 1782-இல் 269 இணைகள் கொண்ட பட்டியலை வெளியிட்டார். அவர் கருவியில் கண்டு கூறுவனவற்றைப் பல இரவுகள் தங்கை கரோலின் எழுதி வைத்தார்.

அவர்கள் எழுதியவை யாவை? ஒவ்வோர் இணைக்கும் இரண்டே அளவுகள். ஒன்று, இரு மீன்களின் இடைவெளி எத்தனை விகலை என்பது. மற்றொன்று, பெரிய மீனிலிருந்து நோக்கச் சிறுமீன் எத்திசையில் உள்ளது என்பது. வடதிசையைத் தொடக்கமாகக் கொண்டு பாகைக் கணக்கில் அத்திசையைக் குறிப்பர். பார்வைக் குழலில் நுண்ணிய இழைகளைப் பொருத்தி, திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பி, இழையை மீனோடு பொருத்தி அளப்பது முறை. காற்று நடுங்கினால் காத்திருக்க வேண்டும். பனி படிந்தால் துடைக்க வேண்டும். ஓர் இரவின் உழைப்பு பதிவேட்டில் ஒரு வரியாகும்.

அவ்வரிகள் இருபத்தைந்து ஆண்டுகள் சேர்ந்தன. 1803-இல் ஹெர்ஷல் பழைய அளவுகளையும் புதிய அளவுகளையும் அருகருகே வைத்து ஒப்பிட்டார். சில இணைகளில் சிறுமீன் பெருமீனைச் சுற்றி இடம் பெயர்ந்திருந்தது. அவை ஒன்றையொன்று சுற்றுவன என்பது ஐயமற உறுதியாயிற்று. 1827-இல் பிரெஞ்சு அறிஞர் சவாரி, எழுமுனிவர் அடங்கிய பெருங்கரடி மண்டலத்திலுள்ள ஓர் இணை ஏறத்தாழ அறுபது ஆண்டுகளில் சுற்றி வருவதை நியூட்டனின் ஈர்ப்பு விதி கொண்டு கணித்துக் காட்டினார். மரத்திலிருந்து விழும் கனிக்கும் நிலவுக்கும் பொதுவான விதியே தொலைவிலுள்ள விண்மீன்களுக்கும் பொது என்பது இவ்வாறு நிலைநாட்டப்பெற்றது.

சென்னையில் எழுந்த ஒரு வினா

இனிச் சென்னை. கிழக்கிந்தியக் கும்பினி நுங்கம்பாக்கத்தில் 1792-இல் வானாய்வகம் ஒன்றை எழுப்பியது. கருவியைத் தாங்க நிறுத்திய கருங்கல் தூணில் இலத்தீனோடு தமிழ் உள்ளிட்ட நம் மொழிகளிலும் எழுத்துப் பொறித்தனர். டெய்லர் என்பார் அங்கிருந்து அளந்த 11,015 மீன்களின் பட்டியல் 1844-இல் வெளிவந்தது.

அவருக்குப் பின் தலைமை ஏற்ற கேப்டன் ஜேக்கப், இரட்டை மீன்களில் ஆழ்ந்த பற்றுடையவர். சென்னைக்கு வருமுன்னரே புனேயில் தம் சொந்தக் கருவியால் 244 இணைகளை அளந்து பட்டியலிட்டவர். 1855-இல் அவர் ஒரு துணிவான கருத்தை வெளியிட்டார். ‘70 ஒஃபியூகி’ என்னும் இரட்டை மீனின் சுற்று, கணித்த பாதையினின்றும் சிறிது பிறழ்கிறது; கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று அங்கிருந்து ஈர்ப்பதே காரணமாகலாம் என்பது அக்கருத்து. ஞாயிற்றுக் குடும்பத்திற்கு அப்பால் ஒரு கோள் உண்டு என அளவுகளைச் சான்றாகக் காட்டி எழுந்த முதற்குரல்களுள் ஒன்று, இவ்வாறு நம் சென்னையிலிருந்து எழுந்தது.

அக்கோள் உறுதிப்படவில்லை. பின்வந்தோர் மேலும் அளந்தனர். பிறழ்ச்சி கோளினால் நேர்ந்ததன்று எனத் தெளிந்தனர். இதனால் ஜேக்கப்பின் மதிப்பு குறைந்ததா? இல்லை. எந்நாளில் எவ்வளவு கண்டேன் என்று எண்களை அவர் மறைக்காமல் வைத்துச் சென்றமையால்தான் பிறர் அதனைச் சரிபார்க்க இயன்றது. சரிபார்க்க இயலாத உண்மையைவிடச் சரிபார்க்க இயன்ற பிழை அறிவுக்குப் பெரிதும் உதவும்.

ஈண்டு மற்றொருவரையும் நினைத்தல் நம் கடமை. அவ்வானாய்வகத்தில் கீழ்நிலைப் பணியாளராகச் சேர்ந்து முதல் உதவியாளராக உயர்ந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-இல் ‘ஆர் ரெட்டிகுலி’ என்னும் மீனின் ஒளி கூடியும் குறைந்தும் மாறுவதைக் கண்டறிந்தார். 1872-இல் இலண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினராக ஏற்கப்பெற்றார். இப்பெருமையை அடைந்த முதல் இந்தியர் அவரே. தலைவர்களின் பெயரால் வெளிவந்த பட்டியல்களுக்குப் பின்னால், இரவில் கண்விழித்தும் பகலில் கணக்கிட்டும் உழைத்த நம்மவர் பலர் இருந்தனர். அவர்களுள் ரகுநாதாச்சாரியின் பெயர் நமக்குக் கிடைத்திருப்பது, அது பதிவில் ஏறியதனால் அன்றோ?

நான்கு சுற்றுகள்

ரிஷோ கண்ட இணையின் கதை என்னவாயிற்று? 1752-இல் லக்காய் நன்னம்பிக்கை முனையிலிருந்து அவ்விரு மீன்களின் நிலைகளை அளந்தார். வில்லியம் ஹெர்ஷலின் மகன் ஜான் ஹெர்ஷல் 1834 முதல் 1838 வரை அதே முனையில் தங்கி, தென்வானத்து இரட்டைகளோடு இதனையும் அளந்தார். தாமஸ் ஹெண்டர்சன் 1832, 1833 ஆண்டுகளில் அங்கு எடுத்த அளவுகளிலிருந்து இம்மீனின் தொலைவைக் கணிக்க முற்பட்டார். ஆனால் தம் முடிவை வெளியிடத் தயங்கினார். 1838-இல் பெசல் வேறோர் இரட்டை மீனின் தொலைவை அறிவித்துவிட்டார். ஹெண்டர்சனின் முடிவு 1839-இல் வெளிவந்தது. முந்தி அளந்தவர் இரண்டாமவரானார். காஸ்டெல்லிக்கு நேர்ந்தது ஹெண்டர்சனுக்கும் நேர்ந்தது.

இவ்வளவுகள் யாவும் ஒன்றுசேர்ந்து சொல்லும் செய்தி இது. ஆல்பா செண்டாரியின் இரு ஞாயிறுகளும் ஏறத்தாழ 80 ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. நெருங்கும்போது புவிக்கும் ஞாயிற்றுக்கும் உள்ள தொலைவைப்போல் 11 மடங்கும், விலகும்போது 36 மடங்கும் அவற்றின் இடைத்தொலைவாகும். நம் கண்ணுக்கு அவ்விடைவெளி 22 விகலை வரை விரியும். 2 விகலைக்கும் கீழாகச் சுருங்கும். 1976-இல் மிக விரிந்து நின்றது; 2016-இல் 4 விகலையாகக் குறுகியது; மீண்டும் 2056-இல் மிக விரியும். கணக்கைப் பின்னோக்கிச் செலுத்தினால் 1689 திசம்பரில் இடைவெளி 7 விகலையை ஒட்டி இருந்திருக்க வேண்டும். முப்பது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஒரு மீட்டர்க் கோல் நம் கண்ணில் அடக்கும் அளவே அது. இரண்டும் ஒட்டினாற்போல் தோன்றுகின்றன என ரிஷோ எழுதியது எத்துணைப் பொருத்தம்! அன்றுதொட்டு இன்றுவரை அவ்விணை நான்கு முழுச் சுற்றுகளை முடித்துவிட்டது.

1915-இல் இன்னெஸ் என்பார் தென்னாப்பிரிக்காவிலிருந்து அவ்விணைக்கு மூன்றாவதாக ஒரு மங்கிய துணையையும் கண்டார். ‘பிராக்சிமா’ எனும் அதுவே ஞாயிற்றுக்கு அடுத்து நமக்கு மிக அண்மையிலுள்ள விண்மீன், 4.24 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அதனைச் சுற்றும் கோள் ஒன்று 2016-இல் அறிவிக்கப்பெற்றது. ஜேக்கப் 70 ஒஃபியூகியில் தேடிய வகைக் கோள், ரிஷோ கண்ட மீனின் குடும்பத்தில் கிடைத்தது.

வடமீனும் தன் பங்கிற்கு வளர்ந்தே வந்துள்ளது. வசிட்டனின் இரு கூறுகளில் ஒளிமிக்கது தானும் இரட்டையே என்பதை 1889-இல் பிக்கரிங் நிறமாலை கொண்டு காட்டினார். மற்றக் கூறும் இரட்டையே. அருந்ததிக்கும் ஒரு மங்கிய துணை உண்டு என்பது 2009-இல் வெளிப்பட்டது. கண்ணுக்கு இரண்டாகவும், தொலைநோக்கிக்கு மூன்றாகவும் தோன்றியவை ஆய்வில் ஆறு மீன்களாயின.

நம் முன்னோர் கண்டது இரண்டு. நாம் அறிந்தது ஆறு. இதில் அவர்களுக்கு இழுக்கு ஏதுமில்லை. அவர்கள் கண்ட இடத்திலிருந்தே அறிவு மேலே ஏறியது. ஏறிய ஒவ்வொரு படியும் யாரோ ஒருவர் ஓரிரவில் எழுதி வைத்த ஒரு வரி. ஆகவே, அடுத்த முறை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மணவிழாவில் அருந்ததியைக் காட்டும்போது, “இஃது எல்லாம் அன்றே தெரியும்” என்று முடித்துவிடாமல், புதுவையின் விடியலில் ஒருவர் கண்டதையும், சென்னையில் சிலர் அளந்ததையும் சேர்த்துச் சொல்வோமாக. இயன்றால் ஒரு சிறு தொலைநோக்கியையும், உடன் ஒரு குறிப்பேட்டையும் அவர்கள் கையில் கொடுப்போமாக. தொலைநோக்கி மீனைக் காட்டும். அதனைப் பின்வருவோர்க்குச் சேர்ப்பது குறிப்பேடே.